வேர் பிடித்த செடியைக் கொடு

ஜெலுத்தோங், பினாங்கு
ஆகஸ்ட் 24

அன்புள்ள சரோ,

கடிதம் கிடைத்தது. அக்டோபர் கடைசியில் கோயில் மண்டபத்தில் செடி மாற்றிக்கொள்ளப் போகிறீர்கள், ஆளுக்கு ஐந்து செடி, எல்லாம் இந்த மண்ணின் செடியாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். நல்ல ஏற்பாடு. ஆனால் நீ அனுப்பிய பட்டியலில் பாதியை அடித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

உலாம் ராஜா மலாய்ச் சமையலில் ஊறிப்போன கீரைதான். இருந்தாலும் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. கெம்போஜா (ஈழத்தலரி), காகிதப்பூ, பப்பாளி எல்லாமே அந்தப் பக்கத்துச் சரக்கு. கறிவேப்பிலை நம் ஆட்களோடு வந்தது. 1960-இல் தேசிய மலராக அறிவித்த செம்பருத்திகூட மலாயாக் காட்டில் தானாக முளைத்ததில்லை. இவற்றை வளர்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கறிவேப்பிலை இல்லாமல் நம் வீடு ஏது? அவற்றுக்குத் தனி மேசை போடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். கம்பத்தில், அதாவது கிராமத்தில், பார்த்த செடியெல்லாம் காட்டில் பிறந்த செடி ஆகிவிடாது.

பட்டியலில் முதலாவதாகச் செண்டுடுக்கை வை. சாலையோரப் புதர் என்று யாரும் மதிப்பதில்லை. ஒரு பூவைக் கிட்ட வைத்துப் பார். ஊதா இதழ் ஐந்து. நடுவே மஞ்சள் நிறத்தில் குட்டையான கேசரம் ஐந்து, ஊதா நிறத்தில் நீண்டு வளைந்தது ஐந்து. மகரந்தம் வெளியே கொட்டிக் கிடக்காது; ஒவ்வொன்றின் நுனியிலும் இருக்கும் சின்னத் துளை வழியாகத்தான் வரும். தேனீயால் அதை எடுக்க முடியாது. கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சிறகை அடிக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். 'ங்ங்' என்ற சத்தம் பறக்கும்போது வருவதைவிடச் சுருதி ஏறிக் கேட்கும், மகரந்தம் உப்புத்தூள் போல உதிரும். அந்த வண்டு குடியிருப்பது பட்ட மரத்தில். ஆகவே செண்டுடுக் வாங்கிப்போகிறவர்களிடம் தோட்டத்தில் ஒரு காய்ந்த கட்டையையும் விட்டுவைக்கச் சொல். காய் பழுத்து வெடித்தால் பூக்கொத்திக் குருவி தேடி வரும். அந்தப் பழத்தைத் தின்றால் நாக்கு கறுத்துவிடும். மெலாஸ்டோமா என்ற அறிவியல் பெயருக்கே 'கறுத்த வாய்' என்றுதான் பொருள்.

வெட்டுத்துண்டு வைக்க இந்த வாரமே தொடங்கினால்தான் அக்டோபருக்குச் சரியாக வரும். வேர்விட நாலு வாரம், பாலிபேக் என்ற நாற்றுப் பையில் நிலைக்க இன்னொரு நாலு வாரம் என்று கணக்கு வை. காலை வெயில் ஏறுமுன் வெட்டு. பூவும் மொட்டும் இல்லாத கிளையாகப் பார். நுனி இளசு அழுகிவிடும், அடிக்கட்டை வேர்விடச் சுணங்கும். நடுப்பகுதிதான் வேண்டும், பென்சிலைவிடக் கொஞ்சம் மெலிந்தது. 10 முதல் 12 செ.மீ. நீளம் போதும். கணுவுக்குச் சற்றுக் கீழே கூரான கத்தியால் வெட்டு. மொட்டைக் கத்தரி தண்டை நசுக்கிவிடும், நசுங்கிய இடத்திலிருந்துதான் அழுகல் ஏறும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு மேலே இரண்டை மட்டும் விடு, அவற்றையும் குறுக்கே பாதியாக நறுக்கு.

ஊன்றுவதற்குக் கழுவிய மணல் ஒரு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு. எரு ஒரு சிட்டிகைகூட வேண்டாம். தே ஐஸ் (ஐஸ் போட்ட தேநீர்) வாங்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கோப்பையில் அடியில் மூன்று துளை போட்டு அதில் ஊன்று. கோப்பைக்கு நாலு துண்டு தாங்கும். 1.5 லிட்டர் தண்ணீர் போத்தலின் அடியை வெட்டிக் கவிழ்த்து மூடி, வெளிச்சமான நிழலில் வை. இங்கேதான் பலரும் கெடுக்கிறார்கள். போத்தல் மூடியை நாளுக்கொரு தரம் சிறிது நேரம் திறக்காவிட்டால் உள்ளே புழுங்கித் தண்டு கறுக்கும். நேர் வெயில் பட்டாலோ ஒரே மதியத்தில் வெந்துவிடும். புதுத் தளிர் வந்ததைப் பார்த்து வேர் வந்துவிட்டது என்று நம்பாதே. தண்டில் இருக்கும் சேமிப்பிலேயே அது தளிர்க்கும். பிடுங்கிப் பார்க்கவும் வேண்டாம். கோப்பையின் சுவரில் வெள்ளை வேர் தெரியும், அதற்காகத்தான் கண்ணாடி போன்ற கோப்பை என்றேன்.

அடுத்தது மண். நர்சரிக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே மந்திரம், 3:2:1. மண் மூன்று, மக்கிய எரு இரண்டு, மணல் ஒன்று. காடோக் கீரைக்கும் கந்தான் என்ற இஞ்சி வகைச் செடிக்கும் அது சரி. செண்டுடுக்குக்குத் தப்பு. அமிலம் ஏறிப் புளித்த, சத்துக் குறைந்த மண்ணில் வளர்ந்து பழகிய செடி அது. அப்படிப்பட்ட மண்ணில் அலுமினியம் கரைந்து வரும், மற்ற பயிரின் வேர் அதில் கருகும். இதுவோ அந்த அலுமினியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்துவைத்துக்கொண்டு இன்னும் நன்றாக வளரும். எரு நிறையப் போட்டால் இலை மட்டும் தழைக்கும், பூ குறையும். பச்சைக் கோழிச்சாணியைப் போட்டால் வேரே வெந்துவிடும். தோட்டமண் மூன்று, மணல் இரண்டு, மக்கிய இலைத்தூள் ஒன்று என்று கலந்து, 6க்கு 9 அங்குல பாலிபேக்கில் போடு.

உங்கள் பக்கத்துத் தொடர்வீடுகளில் இன்னொரு சங்கடம் உண்டு. வீடு கட்டியவர்கள் சிமெண்டுச் சல்லியை வேலியோரத்தில் புதைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அங்கே மண்ணில் காரம் ஏறிவிடும். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அதுதான் காரணம். வெட்சி முதலில் காட்டிக்கொடுக்கும். இரும்புச்சத்து மருந்து தெளித்தால் இரண்டு வாரம் பச்சையாக நிற்கும், பிறகு பழைய கதைதான். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி தோண்டி, சல்லியைப் பொறுக்கிவிட்டு மண்ணை மாற்றுவதுதான் நிலையான வழி.

கிருஷ்ண கிரீடம் கேட்டிருந்தாய். அடுக்குக் கோபுரம் போல ஆரஞ்சுப் பூ, பெரிய வண்ணத்துப்பூச்சிகள் அதை விடுவதில்லை. இது வேரிலிருந்து பக்கக்கன்று விடும். கன்றைக் கண்டதும் பிடுங்கிக் கொடுக்கிறார்கள், அது மறுநாளே தலை சாய்கிறது. தாய்வேரோடு இருக்கும் தொடர்பை மண்வெட்டியால் ஒரே வெட்டாக அறுத்துவிட்டு, கன்றை அதே இடத்தில் இரண்டு வாரம் விட்டுவை. அதற்குள் சொந்த வேர் போட்டுவிடும். பிறகு இலைகளைப் பாதியாக நறுக்கி மண்கட்டியோடு எடு.

கெசும் என்ற வாசனைக் கீரை, காடோக், வல்லாரை மூன்றையும் பற்றி எழுத ஒன்றுமில்லை, கணு மண்ணைத் தொட்டால் வேர்விடும். காடோக்கை மட்டும் வெற்றிலை என்று யாராவது எடுத்துப்போய்விடுவார்கள். வெற்றிலைக்கு அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். இது தரையில் படரும், காரம் இல்லை. எங்கள் பினாங்கு நியோன்யா சமையலில் ஓத்தாக்-ஓத்தாக் என்ற மீன் பண்டத்தில் மணக்கும் இலை. புங்கா கந்தானை இடம் குறைந்த வீட்டுக்காரர்களுக்குக் கொடுக்காதே. லக்சா என்ற நூடுல்ஸ் குழம்புக்குப் பூ கிடைக்கும் என்று ஆசையாக வாங்குவார்கள், அது ஆள் உயரத்தைப் போல இரண்டு பங்கு வளர்ந்து பக்கத்து வேலியையும் தள்ளும். இடமுள்ளவர்களுக்கு இரண்டு மூன்று தண்டு சேர்ந்த கிழங்குத் துண்டாக, தண்டை முழங்கால் உயரத்துக்கு வெட்டிக் கொடு. ஆழமாகப் புதைத்தால் அழுகும்.

வண்ணத்துப்பூச்சிக்காக ஒரு கொடி கேட்டிருந்தாய். இதில் கவனம் வேண்டும். பறவைச்சிறகு என்று சொல்லும் பெரிய கறுப்பு மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு அரிஸ்டோலோக்கியா இனக் கொடிகளை மட்டுமே தின்னும். இங்கே இயல்பாக வளர்வது அரிஸ்டோலோக்கியா அக்குமினாட்டா, நம் ஈஸ்வரமூலிக்கு நெருங்கிய உறவு. நர்சரியில் பூ அழகாக இருக்கிறதென்று விற்பது பெரும்பாலும் தென் அமெரிக்க வகை. ஆஸ்திரேலியாவில் ரிச்மண்ட் பறவைச்சிறகு அப்படி வந்த ஒரு கொடியில் ஏமாந்து முட்டையிட, பொரித்த புழுக்கள் அந்த இலையைத் தின்று செத்தன. ஆகவே பெயர் உறுதியாகத் தெரியாத கொடியை மேசைக்கே கொண்டுவர விடாதே. சரியான கொடியைக் கொடுத்தாலும் ஒருவருக்குக் குறைந்தது மூன்று கொடு. ஒற்றைக் கொடியைப் புழுக்கள் மொட்டையடித்துவிட்டுப் பட்டினி கிடக்கும். இலை ஓட்டையானதும் மருந்து அடிக்கிற ஆளுக்குக் கொடுப்பதில் பயனில்லை. இன்னொன்றையும் சீட்டில் எழுதி ஒட்டு: கஷாயம் வைக்கக் கூடாது. இந்த இனத்தில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் வரவைக்கும். ஈஸ்வரமூலி மருந்தென்று கேள்விப்பட்ட பாட்டிகள் நம்மில் நிறைய.

புறா ஆர்க்கிட் வேண்டுமென்றால் பழைய தண்டின் கணுவில் வரும் குட்டிச்செடியை, வேர் ஒரு விரல் நீளம் ஆனபிறகு எடுக்கலாம். மண்ணில் நட்டால் செத்துவிடும். சொரசொரப்பான பட்டையுள்ள மரத்தில் பழைய காலுறைத் துணியால் கட்டு. கம்பி போட்டால் வேர் அறுபடும். பெரிய மழை பெய்து வெப்பம் சட்டென்று 5 டிகிரி போல இறங்கினால், அதிலிருந்து ஒன்பதாம் நாள் அந்த வட்டாரத்துச் செடியெல்லாம் ஒன்றாகப் பூக்கும். ஒரே நாள் வாசம்தான். மழை பெய்த தேதியை நாட்காட்டியில் குறித்துவைக்கச் சொல்.

சிம்போ ஆயர் புதரை நீ விட்டுவிட்டது சரி, தொடர்வீட்டுக்கு அது பெரிது. அதன் விதையை யாழ்ப்பாணத்து அக்காவுக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டவே வேண்டாம். இங்கே குருவிக்குச் சோறு போடும் செடி இலங்கையின் ஈரநிலங்களில் களையாகப் பரவிக் கிடக்கிறது. விதையோ செடியோ நாடு கடந்து போக இரண்டு பக்கமும் தாவரச் சுகாதாரச் சான்று, அனுமதி என்று சட்டம் வைத்திருப்பது இதற்காகத்தான்.

காட்டிலிருந்து பிடுங்கி வந்ததை மேசையில் ஏற்றாதே. வனக்காப்பில் அனுமதியில்லாமல் செடி எடுப்பது 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி குற்றம், அது ஒரு பக்கம். பினாங்குக் கொடிமலையில் வெள்ளை விளிம்போடு ஒரு குடுவைச்செடி உண்டு. அந்த வெள்ளை நார்களைத் தின்ன வரும் கரையான்கள் கூட்டமாக உள்ளே விழும். அதைப் பிடுங்கிக் கீழே கொண்டுவந்து குழாய்த் தண்ணீரும் உரமண்ணும் கொடுத்தால் சில மாதம்கூடத் தாங்காது, மலையிலும் ஒன்று குறையும். யார் கொண்டுவந்தாலும் "தாய்ச்செடி எங்கே இருக்கிறது?" என்று கேள். பதில் தடுமாறினால் வாங்காதே.

மேசைக்கு வருமுன் செய்ய வேண்டியது: ஒவ்வொரு பாலிபேக்கையும் ஒரு வாளித் தண்ணீரில் விளிம்புவரை ஒரு மணி நேரம் அமிழ்த்தி வை. எறும்பும் மற்றதும் மேலே வரும். ஆப்பிரிக்க நத்தை மண்ணுக்குள் சிறு பட்டாணி அளவில் மஞ்சள்வெள்ளை முட்டைகளைக் குவியலாக இடும், மேல்மண்ணைக் கிளறிப் பார். கோரைக்கிழங்கு ஒன்று இருந்தாலும் அந்த மண் முழுதையும் கொட்டிவிடு, பொறுக்கித் தீராது. இலையடியில் மாவுப்பூச்சி இருந்தால் அந்தச் செடி இந்த முறை வராது. வாங்கிப்போகிறவர்கள் மூன்று வாரம் செங்கல் மேல் தனியாக வைக்கட்டும்.

கெசும் தண்டைப் போத்தலில் தண்ணீர் ஊற்றி வரிசையாக வைத்துவிடாதே, டிங்கி காலம். டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தண்ணீரில் மிதக்காது, தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, மூன்று நாளுக்கொரு தரம் உட்சுவரைத் தேய்த்துக் கழுவு. வேர் வந்ததும் மண்ணுக்கு மாற்று. பூச்சாடித் தட்டே வேண்டாம்.

பெயர்ச்சீட்டுக்கு மார்க்கர் பேனா இரண்டு மாத வெயிலில் அழிந்துவிடும். பென்சில் நிற்கும். இன்னும் நல்லது, காலியான அலுமினியக் குடிபான டின்னைப் பட்டையாக வெட்டி, மை தீர்ந்த பேனாவால் அழுத்தி எழுது. விளிம்பை மடித்துவிடு, கையை வெட்டும். மலாய்ப் பெயர், அறிவியல் பெயர், தாய்ச்செடி இருக்கும் ஊர், வெட்டிய தேதி, வெயிலா நிழலா என்ற ஐந்தும் இருக்கட்டும்.

வரும் சனிக்கிழமை காலை ரயிலில் என் தங்கை மகன் கோலாலம்பூர் வருகிறான். செண்டுடுக் துண்டு இருபது, கிருஷ்ண கிரீடக் கன்று நாலு கொடுத்தனுப்புகிறேன். துண்டுகளை ஈரச் செய்தித்தாளில் சுற்றி, இலைநுனி வெளியே தெரிய வைத்திருப்பேன். சென்ட்ரலில் வாங்கியதும் காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடாதே. அன்று மாலையே ஊன்றிவிடு. மணலும் உமியும் வெள்ளிக்கிழமையே கலந்து தயாராக இருக்கட்டும்.

உன்,
விஜயா