அறிவியல் கற்பித்தல் கடைசிப் பஸ்ஸா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிவை ஒட்டித் தாங்கள் வெளியிட்ட உயர்கல்வி இணைப்பைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். கப்பல் பொறியியல் முதல் காலணி வடிவமைப்பு வரை எல்லாம் இருந்தன. அறிவியல் கற்பித்தலுக்கு மட்டும் ஒரே வரி: 'பி.எஸ்சி. முடித்தவர்கள் பி.எட். படித்து ஆசிரியராகலாம்.' அந்த ஒரு வரிக்குள் முப்பத்தோரு ஆண்டுகள் வாழ்ந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் நீட் தவறினால் பொறியியல், அதுவும் கைகூடாவிட்டால் பி.எஸ்சி., பி.எட். கடைசிப் பஸ்ஸில் விரும்பி ஏறுகிறவர் யார்? நானும் அப்படி ஏறியவன்தான். முதல் சில ஆண்டுகள் அறிவியலை வாய்ப்பாடு போல ஒப்பிக்க வைத்தேன்.

ஒருநாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, சிரிக்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொள்பவள், "தினமும் பல் துலக்கியும் ஏன் சார் கறை போகவில்லை?" என்று கேட்டாள். தருமபுரி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்று சொல்லி முடித்திருக்கலாம். அதற்குப் பதில், அவரவர் ஊர்த் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவரச் சொன்னேன். சோதனைப் பெட்டியின் மருந்தை ஊற்றினால், ஃபுளோரைடு கூடக் கூட இளஞ்சிவப்பு மஞ்சளாகும். குடிநீருக்கான உச்ச வரம்பான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய ஊர்களைப் பிள்ளைகளே வரைபடத்தில் குறித்தார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கியபோது, அது எதற்கு என்று அந்த வகுப்புக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வேதியியல் தெரிவது வேறு, அதைப் பிள்ளையின் கேள்வியாக மாற்றத் தெரிவது வேறு. மரம் மண்ணைத் தின்றுதான் பருக்கிறது என்று நம்பும் பிள்ளையிடம் ஒளிச்சேர்க்கையை எங்கிருந்து தொடங்குவது? அறிவியல் கல்வி என்னும் துறை ஆராய்வது இதைத்தான். மும்பையில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 1974 முதல் இதற்காகவே இயங்குகிறது. அங்கே முனைவர் பட்டமும் பெறலாம்.

மைசூரில் 1963 முதல் இயங்கும் மண்டலக் கல்வியியல் நிறுவனத்தில் பட்டத்தையும் பி.எட்.டையும் சேர்த்து நான்கே ஆண்டுகளில் முடிக்கலாம். தனித்தனியாகப் படித்தால் ஐந்தாண்டு. இதற்கான தேசிய நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஓசூரிலிருந்து மைசூர் என்ன, சீமையா?

வேலை பள்ளியோடு நிற்பதில்லை. பாடநூல் எழுதுவது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பது, அறிவியல் மையங்களில் பணியாற்றுவது என்று வழிகள் உண்டு. தமிழக அரசின் அறிவியல் திட்டமான வானவில் மன்றத்தின் கருத்தாளர்கள் சோதனைப் பொருள்களோடு அரசுப் பள்ளிகளுக்குப் போகிறார்கள். கிருஷ்ணகிரி எல்லையைத் தாண்டினால் ஆந்திரத்தின் குப்பம் ஊரில் அகஸ்தியா அறக்கட்டளையின் வளாகம். செய்துபார்த்துக் கற்பதே அங்கே பாடம்.

சிரமத்தையும் மறைக்கக் கூடாது. அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகத் தகுதித் தேர்வில் தேறினால் மட்டும் போதாது, நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு உண்டு. காத்திருப்பில் வயது கரைந்த என் மாணவர்கள் சிலர் தனியார் பள்ளிகளில் சொற்பச் சம்பளத்துக்கு நிற்கிறார்கள். அதையும் எழுதுங்கள்.

என் தங்கை பேத்திக்கு இயற்பியல் என்றால் உயிர். மைசூர்ப் படிப்பைப் பற்றி அவள் அறிந்தது, விண்ணப்பக் கடைசி நாள் போய்ப் பத்து நாள் கழித்து. அடுத்த ஆண்டு அந்தத் தேதியையாவது முன்கூட்டியே முதல் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.