பறிப்பதில்லை, வாங்கி வைக்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆபத்தானவர் என்று தோன்றுபவரிடமிருந்து கோர்ட் உத்தரவோடு துப்பாக்கியை எடுத்து வைக்கும் அமெரிக்காவின் 'ரெட் ஃப்ளாக்' சட்டங்கள், துப்பாக்கி உரிமையையே பறிக்கின்றன என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பறிப்பதில்லை ஐயா, கொஞ்ச நாள் வாங்கி வைக்கிறார்கள். ஃபுளோரிடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 பிப்ரவரி 14 அன்று பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேரைச் சுட்டுக் கொன்றவனைப் பற்றி, அவனுக்கு நெருக்கமான ஒருவர் ஜனவரி 5-ஆம் தேதியே எஃப்.பி.ஐ.க்குப் போன் போட்டு, இவனிடம் துப்பாக்கி இருக்கிறது, பள்ளிக்குள் புகுந்து சுடுவானோ என்று பயமாக இருக்கிறது என்று சொல்லியும், அந்தத் தகவல் மயாமி அலுவலகத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. அந்தக் கொலைகளுக்கு அடுத்த மாதமே அங்கே இந்தச் சட்டம் வந்தது. இப்போது போலீஸ் மனு போட்டால் நீதிபதி உடனே தற்காலிக உத்தரவு போடலாம், 14 நாளுக்குள் விசாரணை, அதில் துப்பாக்கிக்காரரும் தன் தரப்பைச் சொல்லலாம், அப்புறமும் அதிகபட்சம் ஒரு வருஷம்தான். நீட்டிக்க மறுபடி கோர்ட்டுக்குத்தான் வர வேண்டும். இதில் என்ன அநியாயம்?

என் குறை வேறு. கலிபோர்னியாவில் குடும்பத்தாரே நேராக மனு போடலாம். ஃபுளோரிடாவில் போலீஸ் மட்டும்தான். நள்ளிரவில் கட்டிலில் உட்கார்ந்து தோட்டா எண்ணுகிற மகனைப் பார்த்துவிட்ட அம்மா, முதலில் ஒரு போலீஸ்காரரை நம்ப வைத்தாக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்