நான்கு மூலையும் உனக்குத்தான்

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு போனில் உன் குரல் சுருங்கிப் போயிருந்தது. அதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். தோழிகளைச் சாப்பிடக் கூப்பிட்டு, ஆசை ஆசையாக மக்ரோனி சீஸ் செய்து, கடைசியில் சாஸ் மணல் மணலாகத் திரிந்து எண்ணெய் மிதந்தது என்றாய். "எனக்குச் சமையல் வராதுப்பா" என்றாய். அப்படிச் சொல்லாதே கண்ணு. சூடு கூடிப்போனது, அவ்வளவுதான். சீஸ் போடும்போது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது என்று நீயே சொன்னாய். அதிகச் சூடு பட்டால் சீஸில் உள்ள புரதம் இறுகிச் சுருண்டுகொள்ளும். பிடித்து வைத்திருந்த கொழுப்பை வெளியே விட்டுவிடும். நீ பார்த்த எண்ணெய் அதுதான்.

நான் செய்கிற விதத்தை எழுதுகிறேன், நிதானமாகப் படி. 4 பேருக்கு மக்ரோனி 250 கிராம், வெண்ணெய் 40, மைதா 40, பால் 700 மில்லி, சீஸ் 250 கிராம். மக்ரோனியை உப்புத் தண்ணீரில் போட்டு, பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே வடித்துவிடு. மிச்சம் ஓவனில் வேகும்.

இனி வெள்ளை சாஸ். இங்கேதான் அவசரம் கூடாது. வெண்ணெய் உருகி நுரை அடங்கியதும் மைதாவைப் போட்டு, சின்னத் தீயில் 2 நிமிடம் கிளறு. பச்சை வாசனை போக வேண்டும், நிறம் மாறக் கூடாது. முதல் கரண்டி பால் விட்டதும் எல்லாம் ஒரே உருண்டையாகத் திரண்டு நிற்கும். பயப்படாதே, கிளறிக்கொண்டே அடுத்த கரண்டியை விடு. மூன்றாவது, நான்காவது கரண்டியில் தானாக நெகிழ்ந்து கொடுக்கும். பால் முழுவதும் சேர்ந்த பிறகு ஒரு கொதி வரட்டும். கொதி வந்தால்தான் மாவு சரியாகக் கெட்டிப்படும். கரண்டியின் முதுகில் சாஸைத் தொட்டு, விரலால் குறுக்கே ஒரு கோடு போடு. கோடு கலையாமல் நின்றால் பதம்.

அப்படிக் கிளறிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் ஜேம்ஸ் ஹெமிங்ஸ் எனக்கு நினைவுக்கு வருவார். பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சனிடம் அடிமையாக இருந்தவர். 1784இல் பாரிசுக்கு அழைத்துப் போகப்பட்டு, அங்கே பிரெஞ்சுச் சமையலை முறையாகக் கற்றார். விடுதலை கிடைத்தது 1796இல்தான். அமெரிக்கச் சாப்பாட்டு மேசைக்கு இந்தப் பதார்த்தம் வந்து சேர்ந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு என்று பலரும் சொல்கிறார்கள். எத்தனையோ நாள் இப்படித்தானே அவரும் அடுப்பு முன்னால் நின்றிருப்பார்.

சரி, பதம் வந்ததும் அடுப்பை அணைத்துவிடு. 2 நிமிடம் சும்மா விடு. அப்புறம் சீஸை ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று கைப்பிடியாகப் போட்டு, ஒவ்வொன்றும் கரைந்த பிறகே அடுத்ததைப் போடு. துருவி விற்கிற சீஸ் வேண்டாம். ஒட்டாமல் இருக்க அதில் மாவோ செல்லுலோஸ் தூளோ கலந்திருப்பார்கள், சாஸ் வழவழப்பாக வராது. கட்டியாக வாங்கி நீயே துருவு. ருசிக்கு நன்றாக முதிர்ந்த செடார் வகைச் சீஸ் வேண்டும். ஆனால் அது மட்டும் போட்டால் எளிதில் திரியும், அதனால் மூன்றில் ஒரு பங்கு இளம் செடாரோ க்ரூயேர் என்கிற சுவிஸ் சீஸோ சேர்த்துக்கொள். அரை ஸ்பூன் கடுகுத் தூளையும் துளி ஜாதிக்காயையும் மறக்காதே. திரிகிற மாதிரி தெரிந்தால் உடனே இரண்டு கரண்டி குளிர்ந்த பால் விட்டு வேகமாக அடித்துப் பார். ஆரம்பமாக இருந்தால் பெரும்பாலும் கூடிவிடும்.

மக்ரோனியைக் கலந்ததும் "இவ்வளவு தண்ணியாகவா?" என்று தோன்றும். அப்படித்தான் இருக்க வேண்டும், ஓவனில் மக்ரோனி குடித்துக்கொள்ளும். மேலே வெண்ணெயில் பிசிறிய ரொட்டித் தூளைத் தூவி, 190 டிகிரியில் 25 நிமிடம் வை.

சின்ன வயதில் ஓவன் கண்ணாடி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ஓரத்துல கொப்புளம் வருதுப்பா!" என்று கத்துவாயே, அதே அடையாளம்தான் இப்போதும். வெளியே எடுத்து 10 நிமிடம் ஆறவிடு. அந்தப் பத்து நிமிடத்தை நீ ஒருநாளும் பொறுத்ததில்லை, மொறுமொறு மூலையைப் பிய்த்து வாயைச் சுட்டுக்கொள்வாய்.

நீ போன பிறகு இங்கே மூலைத் துண்டுக்குப் போட்டியே இல்லை. அம்மா நடுப்பக்கம்தான் எடுத்துக்கொள்கிறாள். லீவுக்கு வா, நான்கு மூலையும் உனக்குத்தான்.

அன்புடன்,
அப்பா