வளவில் பாடியோர்க்கும் வழி செய்தோர்க்கும் நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

காரைக்குடியில் இயங்கும் எங்கள் நாட்டுப்புற இசை மன்றம் புரட்டாசியில் நடத்திய இசைக்கூடல் நிறைவாக நடந்தேறியது. கலைஞர்களையும் கேட்போரையும் இணையத்தின் வழியாகவே திரட்டிவிட்டீர்களாமே என்று பலர் வியந்து கேட்கிறார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, கைப்பேசிக்கும் கலைஞருக்கும் நடுவே நின்றவர்களைச் சேரும், அவர்களுக்கே இம்மடல்.

முதல் நன்றி கலைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியது. நையாண்டி மேளச் செட்டுகளைத் தேடினால் ஏதேனும் ஒரு திருவிழாச் சுவரொட்டியில் எண் கிடைக்கும். அந்த எண்ணுக்குரிய கைப்பேசியோ பேத்தியிடமோ மருமகனிடமோ இருக்கும். எழுதி அனுப்பிய அழைப்புகளுக்கு மறுமொழி வராதபோது, நாள், நேரம், சன்மானம், வண்டி வாடகை அனைத்தையும் குரல் பதிவாகச் சொல்லி அனுப்பினோம். அதைப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் சொன்ன பதிலை அவர்கள் குரலிலேயே பதிந்து அனுப்பியவர்கள் அப்பிள்ளைகள். தம் வங்கிக் கணக்குக்கு வந்த முன்பணத்தை அன்றன்றே எடுத்துத் தவில்காரர் கையிலும் பம்பைக்காரர் கையிலும் சேர்த்தவர்களும் அவர்களே. பங்குனி, சித்திரையில் கோயில் திருவிழாக்கள் செட்டுகளை விடமாட்டா என்பதால் நாளைத் தள்ளிவையுங்கள் என்று சொன்னதும் அவர்கள்தாம்.

அறிவிப்பை ஊர்தோறும் கொண்டுசென்ற வாட்ஸ்அப் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு அடுத்த நன்றி. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் கடத்த (ஃபார்வர்டு செய்ய) முடியாது. பலமுறை கைமாறிய செய்தி என்றால், 2020 முதல், ஒன்றுக்கு மட்டுமே கடத்தலாம். பொய்ச் செய்தியைத் தடுக்க வந்த அந்த வரம்பு எங்களைப் போன்ற சிறு மன்றங்களின் அழைப்புக்கும் பொருந்தும் அல்லவா? ஆகவே தேவகோட்டையிலும் சிங்கம்புணரியிலும் இருந்த நண்பர்கள் அவரவர் சொற்களில் புதிதாக அழைப்பு எழுதி அனுப்பினார்கள். அச்சடித்த அழைப்பிதழைவிட, தெரிந்தவர் எழுதிய அந்த நாலு வரிக்கே கூட்டம் வந்தது.

பினாங்கிலிருந்தபடி தம் பூட்டிய வீட்டைத் திறந்துவிடச் சொன்ன குடும்பத்தாருக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் வழவழப்பான சுவரும் ஓசையை எதிரொலிக்கும் என்பதால், மேளத்தை வீட்டு முகப்புக்கு வெளியே தெருவில் நிறுத்தி, தாலாட்டையும் கும்மியையும் வளவுக்குள், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், வைத்துக்கொண்டோம். அங்கே பாடிய ஆச்சிமார்களுள் சிலர், "குரல் போகட்டும், முகம் வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார்கள். தாய்மாமன் சீரை வரிசை வரிசையாக அடுக்கிச் செல்லும் அந்தத் தாலாட்டுகள் ஒலிப்பதிவாக மட்டுமே வெளியாகியுள்ளன. கேட்டதை அப்படியே மதித்த படப்பிடிப்பு இளைஞர்களைப் பாராட்ட வேண்டும்.

வெளிநாட்டு உறவினர்களும் காணொளி அழைப்பு வழியாகக் கேட்க வழிசெய்த மைக்செட்டுக்காரரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். காணொளி அழைப்புச் செயலிகள் பேச்சை மட்டும் காப்பாற்றி மற்ற ஓசையை இரைச்சல் என்று கருதி அடக்கும் வகையில் அமைந்தவை. ஒத்திகையின்போது தவிலும் பம்பையும் மறுமுனையில் விட்டுவிட்டுத்தான் கேட்டன. அவர் இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்து, மைக்செட்டின் மிக்சரிலிருந்தே ஒலியை நேராகக் கொடுத்த பின்னர் மேளம் மேளமாகக் கேட்டது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியிருப்பதால், இங்கே மாலை 5.30க்குத் தொடங்கினால் அங்கே இரவு 8 மணி. குழந்தைகள் தூங்குமுன் கேட்கலாம் என்று யோசனை சொன்ன அங்குள்ள உறவினர்களுக்கும் நன்றி.

பதிவுகளின் கீழே பாடியவர் பெயரும் ஊரும் விடாமல் தட்டச்சு செய்து தந்த கல்லூரி மாணவிகளின் உழைப்பு கண்ணுக்குத் தெரியாதது. நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயி அவர்களின் குரலை ஒரு காலத்தில் வானொலி ஊர் எல்லைக்கு அப்பால் கொண்டுசென்றது. இன்று யூடியூப் அவ்வேலையைச் செய்கிறது. ஆனால் வானொலியில் பாடியவர் பெயரை அறிவிப்பாளர் சொல்லிவிடுவார். இங்கே பதிவேற்றுபவர் எழுதினால்தான் உண்டு. "மரபுப் பாடல்" என்று மட்டும் போட்டுவிட்டு, பாடிய மனிதரை மறைத்துவிடும் வழக்கத்தில் எங்களுக்கு உடன்பாடில்லை.

உதவியோரில் பலர் தங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்றதால் இங்கே யார் பெயரையும் குறிக்கவில்லை. செட்டுத் தலைவர்கள் இசைந்த இடங்களில் அவர்களின் எண்ணைப் பதிவின் கீழேயே தந்திருக்கிறோம். நிகழ்ச்சிக்கு அழைப்போர் மன்றத்தைக் கேட்காமல் அவர்களிடமே பேசிக்கொள்ளலாம், இடையில் எவருக்கும் தரகு இல்லை. வரவு செலவுக் கணக்கு நன்கொடையாளர் குழுவில் பதியப்பட்டுள்ளது.

நன்றியுடன்,
இசை மன்றத்தார்,
காரைக்குடி.