மனநல வார்டு நர்ஸ்களை மாற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசு மருத்துவமனை மனநல வார்டுகளில் வேலை பழகிய நர்ஸ்களைச் சில மாதங்களுக்கு ஒருமுறை வேறு வார்டுக்கு மாற்றும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று கேட்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். என் தம்பி மனச்சிதைவு நோய்க்காக ஓர் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தான். பகலில் நானும் இரவில் எங்கள் சித்தப்பாவும் அவனுக்குத் துணை இருந்தோம். அங்கே கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவன் அவன். சாப்பாட்டில் யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று முதலில் மெஸ்ஸை விட்டான், பிறகு வீட்டுச் சோற்றையும் விட்டான், கடைசியில் தண்ணீரும் இறங்கவில்லை. அப்படி வந்து சேர்ந்தவனுக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அந்த வார்டு சிஸ்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மாத்திரை அட்டையை அவன் கையிலேயே கொடுத்துவிடுவார். பெயரைப் படிக்கச் சொல்வார், தேதியைப் பார்க்கச் சொல்வார். அவனே பிரிப்பான், அவனே குழாயில் தண்ணீர் பிடித்து வருவான். "இதில் விஷம் ஏதும் இல்லை" என்று அவனோடு ஒருநாளும் அவர் வாதாடியதில்லை. "பயமாகத்தான் இருக்கும் தம்பி. நான் இங்கேயே நிற்கிறேன், மெதுவாகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்பார். விழுங்கினானா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதும் உண்டு. அதை எல்லார் முன்னிலையிலும் செய்யாமல் ஜன்னல் ஓரமாக அழைத்துப்போய்ப் பார்ப்பார். வார்டு நிறைய ஆள் இருக்கும்போது ஒருவனுக்காக இவ்வளவு நேரம் நிற்பதற்கு மனம் வேண்டும். அந்த மனம் அவரிடம் இருந்தது.

மனத்தோடு கைத்தேர்ச்சியும் இருந்தது. ஊசி போட்ட மறுநாள் பிற்பகலில் தம்பியின் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. கண்மணி இரண்டும் மேலே செருகிக்கொண்டன. பேச்சு குழறியது. பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணையாக வந்திருந்த பெரியவர் "சாமி இறங்கிவிட்டது" என்றே சொல்லிவிட்டார். சிஸ்டர் ஓடி வந்து ஒரு பார்வை பார்த்தார். ஹாலோபெரிடால் ஊசி சிலருக்கு, அதிலும் இளவயது ஆண்களுக்கு, இப்படித் தசையை இழுத்துப் பிடிக்கும் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே டாக்டருக்குப் போன் செய்தார். புரோமெத்தசின் ஊசி போடப்பட்டது. கழுத்து தளரும்வரை அவன் தோளில் ஒரு கையை வைத்தபடி, "இது மருந்து செய்கிற வேலை, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்" என்று அவனிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றிலிருந்துதான் அவன் அவரை நம்பினான் என்று நினைக்கிறேன். முதன்முதலாக, "சிஸ்டர் சாப்பிட்டாரா?" என்று என்னிடம் கேட்டதும் அன்றைக்குத்தான்.

மாதம் பிறந்ததும் அவரை எலும்பு முறிவு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

அவர் இடத்துக்கு வந்தவர் கெட்டவர் அல்லர். ஒப்பந்தப் பணியில் இருக்கும் இளம்பெண். மனநல வார்டில் அதற்குமுன் வேலை பார்த்ததே இல்லை. இரவில் அத்தனை பேருக்கும் அவர் ஒருவர்தான் பொறுப்பு. அந்தச் சமயத்தில் தம்பியால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. நின்றால் கால் மாற்றி மாற்றி வைப்பான், படுத்தால் எழுந்துவிடுவான், வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பான். நோய் முற்றுகிறது என்று எண்ணி அதே ஊசியைக் கூட்டிப் போட்டார்கள். நடை இன்னும் அதிகமானது. இரவு படுக்கச் சொன்னபோது கையை உதறியிருக்கிறான். கட்டிலோடு சேர்த்துப் பேண்டேஜ் துணியால் இரு கைகளையும் கட்டிவிட்டார்கள். காலையில் நான் போனபோது மணிக்கட்டில் துணி பதிந்த தடம் சிவந்திருந்தது. சித்தப்பா பேச்சு மூச்சற்று உட்கார்ந்திருந்தார். கேஸ் ஷீட்டில் "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்ததாக அவர் சொன்னார்.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் சிறிது நேரம் அவனோடு கூடவே நடந்து பார்த்தார். அந்த நிலைகொள்ளாமையும் ஊசியின் பக்க விளைவுதான் என்றார். மருந்தின் அளவைக் குறைத்து வேறு மாத்திரை சேர்த்தார். அடங்கிவிட்டது. நோயின் கொந்தளிப்பும் மருந்தின் படபடப்பும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முந்தின வாரம் இவன் எப்படி உட்கார்ந்திருந்தான், எப்படித் தூங்கினான் என்று தெரிந்தவருக்குத்தான் வித்தியாசம் பிடிபடும். டாக்டர் வந்து பார்ப்பது சில நிமிடம். மீதிப் பொழுதெல்லாம் கண்ணும் காதுமாக இருப்பவர் நர்ஸ். அவரையே அடிக்கடி மாற்றிக்கொண்டிருந்தால் யார்தான் கவனிப்பது?

நோயாளியைக் கட்டிப்போடும் விஷயத்தில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தெளிவாக இருக்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டுமே நோயாளியைக் கட்டலாம். மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும். தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் நீடிக்கக் கூடாது. ஏன், எவ்வளவு நேரம் என்று உடனே எழுதி வைக்க வேண்டும். நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது அவர் சார்பில் முடிவெடுக்கத் துணை நிற்பவருக்கு, 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தண்டனையாகக் கட்டக் கூடாது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியும் கட்டக் கூடாது என்று 97ஆம் பிரிவு சொல்கிறது. என் தம்பி கட்டப்பட்டதற்கு அந்த இரவில் ஆள் பற்றாக்குறையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி மாண்டார்கள். சங்கிலியைச் சட்டம் அடியோடு தடை செய்துவிட்டது. சங்கிலி போன இடத்துக்குப் பேண்டேஜ் துணி வந்துவிடக் கூடாது.

அந்த இளம் நர்ஸின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பயந்துபோயிருந்தார். பழகிய ஒருவர் பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுத்திருந்தால் அவரும் நன்றாகவே பார்த்திருப்பார். மனநலச் செவிலியத்துக்கென்றே ஓராண்டுப் பட்டயப் படிப்பு நம் நாட்டில் இருக்கிறது. அதைப் படித்தவர்களையும், படிக்காவிட்டாலும் இந்த வார்டில் ஊறியவர்களையும், அவர்கள் விரும்பினால் இங்கேயே இருக்க விட வேண்டும். புதிதாக வருகிறவர் பழையவரோடு சில வாரமாவது சேர்ந்து வேலை பார்த்த பிறகே தனியாக இரவுப் பணிக்குப் போக வேண்டும். இரவில் ஒருவரை மட்டும் விடவே கூடாது.

முதல் இரண்டுக்கும் பெரிய செலவில்லை. டியூட்டி போடுகிறவர்களுக்குச் சுகாதாரத் துறையிலிருந்து ஓர் உத்தரவு போனால் போதும். மூன்றாவதற்குப் பணம் வேண்டும். இரவில் பிரசவ வார்டை ஆளில்லாமல் விடுவோமா? மனநல வார்டுக்கும் அதே நியாயத்தில் ஆள் கேட்கிறேன். துறை அதிகாரிகள் இதைப் படித்து நடவடிக்கை எடுக்கும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் அக்கா
(பெயரும் முகவரியும் ஆசிரியருக்குத் தனியே தரப்பட்டுள்ளன. தம்பியின் வேலையை முன்னிட்டு வெளியிட வேண்டாம்.)