ஒரு கணினி, இரண்டு திரை

ஆசிரியருக்கு,

வீட்டுக் கணினியை மானிட்டர், டிவி இரண்டிலும் இணைக்க நினைப்பவர்கள் முதலில் ஸ்ப்ளிட்டர் (ஒரு வயரை இரண்டாகப் பிரிக்கும் கருவி) வாங்கி ஏமாறுகிறார்கள். அது ஒரே படத்தைத்தான் இரண்டிலும் காட்டும். தனித்தனிப் படம் வேண்டுமானால் கணினியில் இரண்டு போர்ட் (திரை கேபிள் செருகும் துளை) தேவை. திரைப் படத்துக்கென்றே தனியாகப் பொருத்தும் கிராபிக்ஸ் கார்டு இருந்தால் இரண்டு கேபிளும் அதிலேயே செருகவேண்டும்; மதர்போர்டில் (கணினியின் மூலப் பலகையில்) உள்ள போர்ட் பெரும்பாலும் படம் தராமல் ஊமையாகத்தான் கிடக்கும். பிறகு விண்டோஸ் பொத்தானுடன் 'பி'யை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' கொடுங்கள்.

4கே டிவியில் மவுஸ் இழுபடுகிறதா? படமும் ஒலியும் கடத்தும் எச்டிஎம்ஐ இணைப்பில் 1.4 என்ற பழைய பதிப்பு 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் தரும், 60க்கு 2.0 பதிப்பு வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டால் டிவி மெனுவில் ஓவர்ஸ்கேனை (படத்தைப் பெரிதாக்கி ஓரத்தை மறைக்கும் வசதியை) நிறுத்துங்கள். பழைய வகை விஜிஏ வயரில் படம் மட்டும்தான், சத்தம் வராது.

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் துலாம் (ஐப்பசி) மாத இடிக்குப் பயப்படவேண்டியது எச்டிஎம்ஐ போர்ட்தான். கம்பத்திலிருந்து வரும் கேபிள் டிவி வயர் வழியே மின்னல் டிவிக்குள் இறங்கி, அங்கிருந்து கணினிக்கும் தாவும். சுவிட்சை அணைத்தால் போதாது, கேபிள் டிவி வயர், எச்டிஎம்ஐ வயர் இரண்டையும் பிடுங்கிவிடுங்கள். கணினியும் டிவியும் எர்த் உள்ள ஒரே போர்டில் இருக்கட்டும். எர்த் இல்லாத வீட்டில் கேபிளின் உலோக முனையைத் தொட்டாலே சுள்ளென்று இழுக்கும்.

கணினி பழுதுபார்ப்போர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்