மழைக்காலத்து வத்தல் மூட்டை

விருதுநகர்,
ஆவணி 22

தம்பி சரவணனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும் கவிதாவும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று உனக்குச் சிரிப்பு வரும். போனில் பேசலாம்தான். ஆனால் "ம்", "சரிப்பா", "மீட்டிங் இருக்கு" என்று மூன்று வார்த்தையில் வைத்துவிடுகிறாய். எனக்கும் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. முப்பது வருஷமாக "சாப்பிட்டியா" என்று கேட்டுத்தான் உன்னிடம் பேச்சை ஆரம்பித்திருக்கிறேன். இனிமேல் அதைக் கேட்கக்கூடாது என்று கவிதா சொல்லிவிட்டாள். நியாயம்தான். அதனால் பேனாவை எடுத்தேன்.

போன வாரம் இரண்டு நாள் நல்ல மழை. பின்பக்கக் குடோனில் ஒழுகிய இடத்தில் தகரம் மாற்றியாச்சு. சித்தப்பாவுக்கு மூட்டுவலி, வழக்கம்போல. பாண்டியன் நகர் வீட்டுக்காரர் இந்த மாதமும் வாடகை தரவில்லை, அதை அப்புறம் விவரமாக எழுதுகிறேன்.

வயிற்றைச் சின்னதாக்குகிற ஆபரேஷன் ஆனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பக் குரூப்பில் உன் எடை காட்டுகிற தராசுப் படம் போடுவாயே, அதைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். ஆனி மாதக் கடைசியில் 104.2 கிலோ என்று வந்தது. அதற்கப்புறம் எட்டு ஞாயிறு போய்விட்டது. ஞாயிறு காலையில் உன் அம்மா காபி ஆறிப் போகும்வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான் விஷயம்.

மழை விட்டதும் குடோனில் கிடந்த மிளகாய் வத்தல் மூட்டைகளை நிறுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் கால் கிலோ, அரைக் கிலோ ஏறியிருந்தது. உனக்குத் தெரியாததா? ஈரக்காற்றை வத்தல் குடிக்கும், புளி குடிக்கும். மூட்டைக்குள் ஒரு வத்தல்கூடப் புதிதாகச் சேரவில்லை, ஆனாலும் எடை ஏறும். நாலு வெயில் அடித்தால் இறங்கிவிடும். அதைப் பார்த்து எந்த வியாபாரியும் தலையில் கை வைத்து உட்காரமாட்டான்.

ஆஸ்பத்திரியில் அந்த டயட்டீஷியன் பொண்ணு பேசினபோது நான் சிட்டை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். "அப்பா, இங்கேயும் கணக்கா" என்று நீ சிரித்தாய். அந்த நோட்டு இன்னும் கல்லாவில்தான் இருக்கிறது. மூன்றாவது வாரத்தில் எடை அப்படியே நின்றபோது நீ ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்தது ஞாபகம் இருக்கிறதா? "ஆபரேஷன் ஃபெயிலாகிடுச்சுப்பா" என்றாய். நான் இந்த நோட்டைப் பிரித்துத்தான் படித்தேன். உடம்பு அவசரத்துக்கு வைத்திருக்கிற சர்க்கரைச் சேமிப்பை, கிளைகோஜனை, முதல் வாரங்களில் செலவழித்துவிடும். அதோடு அதைப் பிடித்துக்கொண்டிருந்த தண்ணீரும் போய்விடும். ஒரு கிராமுக்குக் கிட்டத்தட்ட மூன்று கிராம் தண்ணீராம். அதனால்தான் முதலில் மளமளவென்று இறங்குகிறது. அப்புறம் அந்தச் சேமிப்பு கொஞ்சம் நிரம்பும்போது தண்ணீரும் திரும்பி வரும். உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டிருந்தாலும் முள் நகராது. வத்தல் மூட்டைதான் தம்பி. அடுத்த வாரமே இரண்டு கிலோ இறங்கி, குரூப்பில் பொம்மையெல்லாம் போட்டாய்.

இப்போது நடப்பது அதே ஜாதி இல்லை, தெரியும். ஏழரை மாதம் ஆகிறது. இதையும் அந்தப் பெண் அன்றைக்கே சொன்னாள், நீ அசதியில் கவனித்திருக்கமாட்டாய். 138 கிலோவைச் சுமந்து மாடி ஏறின உடம்பு செலவழித்தது ஒரு கணக்கு, 104 கிலோ உடம்பு செலவழிப்பது வேறு கணக்கு. முழு லோடு ஏற்றின லாரியும் பாதி லோடு லாரியும் ஒரே டீசலா குடிக்கும்? அதுவும் போக, பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்து உடம்பு இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். அதனால் இறங்குவதும் நிற்பதும் மறுபடி இறங்குவதுமாகத்தான் போகும். பெரும்பாலும் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்வரை இறங்குமாம். அதற்குள் பலன் எவ்வளவு என்று முடிவு கட்டக்கூடாது என்று நோட்டில் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

இன்னொரு ஆபரேஷன், வயிற்றுப் பைபாஸாக மாற்றுவது, அது இது என்று ராத்திரி உட்கார்ந்து தேடுகிற வேலை வேண்டாம். நீ தேடுகிறாய் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை தராசில் ஏறுகிறாய் என்றும் யாரும் சொல்லவில்லை. கவிதாவோடு சண்டை பிடிக்காதே.

சொன்னதையே சொல்கிறேன் என்று நினைக்காதே. புரதம் முக்கியம். ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் என்று எழுதித் தந்தார்கள். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு இட்லியில் 2 கிராம் தேறும். அப்படியென்றால் எதை முதலில் சாப்பிடவேண்டும் என்று கடைக்காரன் மகனுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வயிற்றில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்தாகிவிட்டது, இருக்கிற கொஞ்ச இடத்தில் இட்லியை அடைத்தால் முட்டை எங்கே போகும்? எடை நிற்கிறதே என்று வேளைச் சாப்பாட்டைத் தாண்டிவிடாதே. பட்டினி கிடந்தால் சதைதான் கரையும். சதை கரைந்தால் உடம்பு இன்னும் சிக்கனமாகிவிடும். நடந்தால் மட்டும் போதாது, எதையாவது தூக்கு. பத்து வயதில் ஐந்து கிலோ படிக்கல்லை இரண்டு கையிலும் தூக்கிக் காட்டினவன்தானே நீ.

தண்ணீர் குடி. சாப்பிடும்போது குடிக்காதே, அரை மணி நேரம் கழித்துக் குடி. மென்று சாப்பிடு. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை விட்டுவிடாதே. முடி கொட்டியது நின்றதா? அது வளர்ந்துவிடும் என்றார்கள். பாட்டில் ஜூஸ் வேண்டாம், சின்ன வயிற்றிலும் தண்ணி மாதிரி இறங்கிவிடும், வயிறு நிறைந்த மாதிரியும் இருக்காது. நொறுக்குத் தீனியும் அப்படித்தான். ஒரு கோழித் துண்டு வயிற்றில் உட்காரும். சேவு கரைந்து வழுக்கிக்கொண்டு போய்விடும், கால் கிலோ போனாலும் தெரியாது.

சேவு என்றதும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. சித்தப்பா பெங்களூர் வந்தபோது கொண்டுவந்த சாத்தூர் காராச்சேவை அம்மா கொடுத்துவிட்டாள் என்று போனில் சொன்னேன். நீயும் அவளைத் திட்டினாய். அவள் கொடுக்கவில்லை. நான்தான் வாங்கிக் கொடுத்தேன், ஒரு கிலோ. குரூப்பில் வந்த உன் போட்டோவில் கன்னம் ஒட்டிப்போய் என் அப்பா கடைசியாகப் படுத்திருந்த மாதிரி இருந்தது. மனசு கேட்கவில்லை. புத்தி கெட்ட வேலை. கவிதா அதை அக்கம்பக்கத்தில் கொடுத்திருந்தால் நல்லது.

தண்ணீர் குடிக்கிறாயா?

ஆறாம் மாத செக்கப்புக்கு நீ போகவில்லை. இதுதான் எனக்குக் கோபம். முள் நகரவில்லை என்று வெட்கப்பட்டுக்கொண்டு டாக்டரைப் பார்க்காமல் இருக்கிறாயா? பரீட்சையில் மார்க் குறைந்தால் ரிப்போர்ட் கார்டைப் புளிச் சாக்குக்கு அடியில் ஒளித்து வைப்பாயே, அந்த வேலையை முப்பத்தாறு வயதில் செய்யலாமா? எடை நிற்கும்போதுதான் போகவேண்டும். என்ன சாப்பிடுகிறாய், எப்படித் தூங்குகிறாய், வேறு மாத்திரை ஏதாவது இடைஞ்சல் செய்கிறதா என்று பார்ப்பார்கள். ரத்தப் பரிசோதனையும் எடுக்கவேண்டும். ஒரு பிள்ளைக்கு அப்பனாகிவிட்டவன் இப்படி இருக்கலாமா?

கோபத்தில் எழுதிவிட்டேன். நீ செய்ததை என்னால் செய்திருக்க முடியாது, அதுவும் உண்மை. இரண்டு வாரம் வெறும் கஞ்சித் தண்ணியும் புரதப் பவுடரும் குடித்துக்கொண்டு, பாப்பாவுக்குத் தோசை ஊற்றிக் கொடுத்தாய் என்று கவிதா சொன்னபோது நான் கடையில் இருந்த எல்லோரிடமும் சொன்னேன். மூணு மாச சர்க்கரை 9.1 இருந்தது 5.9க்கு வந்ததையும் சொன்னேன். அவர்களுக்கு என்ன புரிந்ததோ, எனக்குச் சொல்லவேண்டியிருந்தது. மூக்கில் குழாய் மாட்டிக்கொண்டு தூங்குகிற அந்த மிஷினும் இப்போது வேண்டியதில்லை என்றார்கள்.

ஆடி அமாவாசைக்கு வந்தாயே. உன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் தாணிப்பாறை அடிவாரத்திலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாய். நான் மட்டும் சதுரகிரி ஏறிப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன். இந்தத் தடவை நான் கீழே உட்கார்ந்திருந்தேன், நீ போனாய். சாயங்காலம் அந்தக் கூட்டத்தில் இறங்கி வந்தவனை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. சட்டை பின்னால் நனைந்து ஒட்டியிருந்தது. பெல்ட்டைப் பார்த்தேன். கடைசி ஓட்டையையும் தாண்டி, ஆணியால் நீயாகக் குத்தின இரண்டு ஓட்டை. ஒன்று பழசு, ஓரம் கறுத்திருந்தது. இன்னொன்றில் தோல் இன்னும் வெள்ளையாக இருந்தது. 104.2க்கு அப்புறம் குத்தினதுதானே அது? முள் நிற்கிறதென்றால் பெல்ட் எப்படி உள்ளே போகிறது? இதை அன்றைக்கே உன்னிடம் கேட்டிருக்கவேண்டும். வேனில் ஏறினதும் இரண்டு பேரும் தூங்கிவிட்டோம்.

மறுநாள் கடைக்கு வந்தாய். வாசலில் மூட்டை நிறுக்கிற தராசு கிடந்தது. எல்லோரும் அதன் மேல் கால் வைத்துத்தான் உள்ளே வருவார்கள், வேறு வழி கிடையாது. நீ அதை மிதிக்கவில்லை. எண்ணெய் டின்னுக்கும் சுவருக்கும் நடுவே, பக்கவாட்டில் ஒடுங்கி, சட்டையில் எண்ணெய் பட, உள்ளே வந்தாய். நான் சில்லறை எண்ணுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். அன்றையிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

நீ மறந்திருப்பாய் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ எட்டாம் வகுப்பு. தீபாவளிக்கு நாலு நாள் இருந்தது. கடை நிறையக் கூட்டம். எலெக்ட்ரானிக் தராசு அப்போதுதான் வாங்கியிருந்தோம், முத்திரை போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆளை ஏற்றிக் காட்டுங்கள் அண்ணாச்சி என்று யாரோ சொன்னார். உன்னை ஏறச் சொன்னேன். நீ மாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டாய். தலையில் ஒரு தட்டுத் தட்டி ஏற்றினேன். 77 காட்டியது. "மூணு சிப்பம் அரிசி, ரெண்டு கிலோ கொசுறு" என்று சத்தமாகச் சொன்னேன். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். நீ இறங்கி, பொட்டலம் மடிக்கிற இடத்தில் போய் உட்கார்ந்து, ராத்திரிவரை மடித்தாய்.

சிப்பம் என்கிற பெயர் பள்ளிக்கூடம்வரை வந்தது எனக்குத் தெரியும். சரக்கு இறக்க வருகிறவன்கூட "சிப்பம் எங்கே" என்று கேட்பான். ஒருத்தனைக்கூட நான் அதட்டவில்லை.

அதற்கப்புறம்தான் மண்டைவெல்லச் சாக்கிலும் பொரிகடலை டின்னிலும் குறைய ஆரம்பித்தது. வாரம் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ. இருபது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவனுக்கு எது யார் எடுக்கிற குறை என்று தெரியாதா? குடோனில் மூட்டைக்குப் பின்னால் உன் செருப்பு தெரிந்தது. சிட்டையில் "எலி" என்று எழுதினேன். ஒரு எலிப்பொறியும் வாங்கி வைத்தேன், உன் அம்மா நம்பவேண்டும் என்று. பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன். கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தச் சிட்டை பரணில் இருக்கிறது, போன வாரம் எடுத்துப் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு எலி, எலி, எலி என்று என் கையெழுத்தில்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், இது பரம்பரை, ஹார்மோன், உங்கள் மகன் சோம்பேறி என்று அர்த்தமில்லை என்று சொன்னாரே, எனக்கு அப்பாடா என்று இருந்தது. உனக்காகச் சந்தோஷப்படுகிறேன் என்று நீ நினைத்து என் கையைப் பிடித்தாய். நான் எனக்காகச் சந்தோஷப்பட்டேன். என் மேல் தப்பில்லை என்று ஒரு டாக்டரே சொல்லிவிட்டார் என்று.

மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதினால் நாடகம் மாதிரி இருக்கும். தராசைக் குடோனுக்குள் மாற்றிவிட்டேன். சரக்கு நிறுக்க இரண்டு நடை கூடுதலாகிறது என்று கடைப்பையன் முணுமுணுக்கிறான். தீபாவளிக்கு வந்தால் வாசல் வழியாக நேராக வரலாம்.

ஞாயிற்றுக்கிழமை படம் போடவேண்டாம். அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் செக்கப்புக்குப் போ. எனக்காக நாளைக்கே போன் செய்து நாள் வாங்கு. நான் வரட்டுமா? நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன், பேசாமல் உட்கார்ந்திருப்பேன்.

இதோடு வறுத்த கொண்டைக்கடலை ஒரு கிலோ, கொள்ளு ஒரு கிலோ வைத்திருக்கிறேன். கொள்ளை ரசமாக வைத்துவிட்டு வெந்ததைக் கொட்டிவிடாதீர்கள், புரதம் அதில்தான். வேறு எதுவும் வைக்கவில்லை, பிரித்துப் பார்த்துக்கொள்.

தண்ணீர் குடி.

அன்புடன்,
அப்பா

பி.கு.: இதெல்லாம் எழுதியிருக்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரியாது. கேட்டால் பாண்டியன் நகர் வாடகை விஷயம் என்று சொல்லிவிடு.